தமிழ் தெரியாத பிள்ளைகளுக்குத் தமிழ்வழி வகுப்பில் எப்படிக் கற்பிப்பது?

டீச்சர், மற்றவர்களும் படிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருப்பூர் பக்கத்தில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் ஒன்று, இரண்டாம் வகுப்புகளை எடுக்கிறீர்கள். வகுப்பில் மூன்றில் ஒரு பங்கு பீகார், ஒடிசா, ஜார்கண்ட், மேற்கு வங்கப் பிள்ளைகள். சிலர் மாதக்கணக்கில் வாயே திறப்பதில்லை. பெற்றோர் கூட்டத்துக்கு அவர்கள் வீட்டிலிருந்து யாரும் வருவதில்லை. "வீட்டிலும் தமிழே பேசுங்கள் என்று பெற்றோரிடம் சொல்லலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். வேண்டாம், தயவுசெய்து சொல்லாதீர்கள். பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கும் அந்தத் தாய்க்குத் தெரிந்த தமிழ், கடையிலும் கம்பெனியிலும் கேட்டுப் பழகிய கொஞ்சம் சொற்கள்தான். அதிலேயே பிள்ளையிடம் பேசு என்றால் பேச்சு "வா, சாப்பிடு, தூங்கு" என்ற அளவில் நின்றுவிடும். கதை போய்விடும். "ஏன் அழுதாய்", "அப்புறம் என்ன நடந்தது" என்ற விசாரிப்பும் போய்விடும். ஏன், எப்படி, அதனால், ஒருவேளை என்று யோசிக்கிற பழக்கம் குழந்தைக்கு அந்தப் பேச்சில்தான் வருகிறது. தாய்மொழியில் அது வந்துவிட்டால், தமிழில் அதற்கான சொற்களை மட்டும் நீங்கள் கொடுத்தால் போதும். அது எந்த மொழியிலும் வராத பிள்ளைக்கு இரண்டையும் சேர்த்துக் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கும். அதனால் அந்த அம்மாவிடம் இதற்கு நேர்மாறாகச் சொல்லுங்கள்: உங்கள் மொழியில் நிறையப் பேசுங்கள், ராத்திரி கதை சொல்லுங்கள், தமிழை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்.

அடுத்தது, "அவர்கள் மொழி" எது என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நம் பள்ளிகளில் எல்லோரையும் "ஹிந்திக்காரப் பிள்ளைகள்" என்று ஒரே பெயரில் சொல்கிறோம். பீகாரில் வீட்டுக்குள் பேசுவது பெரும்பாலும் போஜ்புரி, மைதிலி, மகஹி. ஜார்கண்ட் குடும்பம் என்றால் சாத்ரி, சந்தாலி, முண்டாரி, குருக் என எதுவாகவும் இருக்கலாம். சந்தாலிக்கும் ஹிந்திக்கும் உறவே கிடையாது, அது வேறு மொழிக் குடும்பம். குருக்கோ நம் திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. இது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சி தரும் விஷயம். ராஞ்சிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்து உங்கள் முன் பேசாமல் உட்கார்ந்திருக்கும் குழந்தை, தமிழின் தூரத்து உறவு மொழி ஒன்றை வீட்டில் பேசிக்கொண்டிருக்கலாம். ஒடிசாவின் பழங்குடிப் பகுதிகளிலிருந்து வருபவர்களுக்கு ஒடியாவே இரண்டாம் மொழியாக இருக்கும். நீங்கள் சிரமப்பட்டு ஹிந்தியில் பேசியும் ஒரு பிள்ளை முழிக்கிறது என்றால் காரணம் இதுவாக இருக்கலாம்.

ஆகவே சேர்க்கையின்போதே மூன்று கேள்விகள் கேட்டுவிடுங்கள். வீட்டில் அம்மா எந்த மொழியில் பேசுகிறார்? ஊரில் பள்ளிக்குப் போயிருக்கிறதா, போயிருந்தால் எந்த எழுத்தில் படித்தது? எப்போது ஊருக்குப் போவீர்கள், எப்போது திரும்புவீர்கள்? பதிலைச் சேர்க்கைப் படிவத்தின் பின்பக்கம் எழுதி வைத்தால், அடுத்த வருடம் வகுப்பெடுக்கும் ஆசிரியருக்கும் உதவும்.

பேசாத பிள்ளைகளைப் பற்றிக் கவலைப்பட்டிருக்கிறீர்கள். புது மொழிக்குள் வந்து விழுந்த குழந்தை சில வாரங்கள், சில சமயம் சில மாதங்கள், பேசாமல் கேட்டுக்கொண்டே இருப்பது இயல்பு. அந்தக் காலத்தில் எழுப்பி நிறுத்திப் பதில் கேட்காதீர்கள். கையைக் காட்டுவது, படத்தைத் தொடுவது, எடுத்துவந்து கொடுப்பது என்று வாய் திறக்காமலேயே பதில் சொல்ல வழி கொடுங்கள். "சிவப்புப் பந்தை எடுத்துக்கொண்டு வா" என்றதும் அது சரியாக எடுத்துவந்தால், அந்த வாக்கியம் முழுதும் அதற்குப் புரிந்திருக்கிறது. அதுவும் மதிப்பீடுதான், குறித்துக்கொள்ளுங்கள். பாட்டு, சேர்ந்து சொல்வது போன்றவற்றில் எல்லோரோடும் கூட்டிக்கொள்ளுங்கள். கூட்டத்தோடு சேர்ந்து வாயசைப்பதில் யாருக்கும் வெட்கம் இருக்காது.

இனிமேல் சொல்லப்போவதைத்தான் நீங்கள் முக்கியமாக மனதில் வைக்க வேண்டும். நம் பள்ளிகளில் இந்தப் பிள்ளைகள் பேசாமல் இருக்கும் காலத்தைவிட, நன்றாகப் பேச ஆரம்பித்த பிறகுதான் அதிகமாகக் கைவிடப்படுகிறார்கள்.

ஒரு வருடத்துக்குள் அந்தப் பையன் மைதானத்தில் கொங்குத் தமிழ் பேசுவான். "ஏனுங் டீச்சர், இவன் என்னைய அடிச்சுப்போட்டானுங்" என்று முறையிடுவான். நமக்கு ஒரே சந்தோஷம், இவனுக்குத் தமிழ் வந்துவிட்டது என்று முடிவுகட்டி, கொடுத்துவந்த தனிக் கவனத்தை நிறுத்திவிடுவோம். ஆனால் புத்தகத்தில் "கோடிட்ட இடத்தை நிரப்புக", "பொருத்துக", "மீதம் எத்தனை", "ஒவ்வொருவருக்கும் எத்தனை கிடைக்கும்" என்று இருக்கும். அந்தத் தமிழை மைதானத்தில் யாரும் பேசுவதில்லை. மூன்றாம் வகுப்பில் மதிப்பெண் குறையும். "நல்லாத்தான பேசறான், படிப்புல சோம்பேறி" என்று பெயர் வந்துவிடும்.

கனடாவின் டொராண்டோவில் குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகளை ஆராய்ந்த ஜிம் கம்மின்ஸ் 1979 முதல் இதைத்தான் எழுதிவந்தார். அன்றாடப் பேச்சு சுமார் இரண்டு வருடத்தில் வந்துவிடுகிறது. பாடம் படிக்கத் தேவையான மொழியில் அந்த மொழியே தாய்மொழியான பிள்ளைகளை எட்டிப்பிடிக்க ஐந்து முதல் ஏழு வருடம் ஆகிறது என்று அவர் கண்டார். ஆங்கிலத்துக்கே இப்படி என்றால், பேச்சுக்கும் எழுத்துக்கும் இவ்வளவு தூரம் உள்ள தமிழில் என்ன ஆகும்? நம் ஊர்ப் பிள்ளையே "வந்துட்டாங்க" என்று பேசிவிட்டு "வந்துவிட்டார்கள்" என்று எழுதப் பழக வேண்டியிருக்கிறது. வெளியூர்ப் பிள்ளை கற்பது உண்மையில் இரண்டு தமிழ். ஒன்றை மைதானம் கற்றுக்கொடுத்துவிடும். இன்னொன்றுக்கு உங்களை விட்டால் வேறு ஆள் கிடையாது.

அதனால், பேச வந்த பிறகும் விடாதீர்கள். பாடப்புத்தகத்தின் கட்டளைச் சொற்களைத் தனியாகவே சொல்லிக்கொடுங்கள்: எழுதுக, வட்டமிடுக, பொருத்துக, நிரப்புக, வரிசைப்படுத்துக, மொத்தம், மீதம், விடை. ஒவ்வொன்றுக்கும் ஒரு படம் வரைந்து சுவரில் ஒட்டுங்கள். வகுப்பில் பேசும்போது "சேர்த்து எழுதுங்க, அதாவது இணைத்து எழுதுக" என்று இரண்டு தமிழையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பழகுங்கள். கேட்கிற நம் ஊர்ப் பிள்ளைகளுக்கும் அது நல்லது.

கணக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். மொழி தெரியாத பிள்ளை முதல் நாளே தலைநிமிர முடிகிற பாடம் அதுதான். ஆசிரியப் பயிற்றுநராகப் பள்ளிகளைப் பார்க்கப் போன இடத்தில், வங்காளத்திலிருந்து வந்த இரண்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தியின் நோட்டைப் புரட்டினேன். 5 - 1 என்ற கணக்குக்கு விடை 8 என்றிருந்தது. 4 + 3 என்பதற்கு 9. பக்கம் முழுக்கச் சிவப்பு மையில் பெருக்கல் குறி. நான்கு விரலை மடக்கிக் காட்டி எழுதச் சொன்னேன், அதே 8 போன்ற எழுத்தைத்தான் எழுதினாள். விஷயம் என்னவென்றால், வங்க எழுத்தில் நான்கு என்ற எண் பார்ப்பதற்கு நம் 8 போலவே இருக்கும். ஏழு, நம் 9 போல இருக்கும். அவள் போட்ட கணக்கு ஒவ்வொன்றும் சரி. வங்காளத்திலோ ஒடிசாவிலோ பள்ளிக்குப் போய்விட்டு வந்த பிள்ளை என்றால், முதல் வாரத்திலேயே ஒன்று முதல் பத்து வரை எழுதச் சொல்லிப் பாருங்கள்.

எண்களின் பெயரில் தமிழ் அவர்களுக்குக் கை கொடுக்கும். ஹிந்தியில் நூறு வரை ஏறக்குறைய ஒவ்வொரு எண்ணின் பெயரையும் தனித்தனியாக மனப்பாடம் செய்ய வேண்டும். இருபத்தொன்பதை "முப்பதுக்கு ஒன்று குறைவு" என்ற பொருளில் சொல்வார்கள். வங்காளத்திலும் ஒடியாவிலும் இதே கதைதான். தமிழில் இருபதும் ஒன்பதும் தெரிந்தால் இருபத்தொன்பது தெரியும். தொண்ணூறில் மட்டும் தடுமாறுவார்கள், அதைத் தனியாகச் சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடும். தொடக்க வகுப்புகளுக்கான "எண்ணும் எழுத்தும்" திட்டத்தில் பிள்ளைகளைக் கற்ற நிலைக்கு ஏற்ப, கீழிருந்து மேலாக, அரும்பு, மொட்டு, மலர் என்று பிரிக்கும்போது தமிழில் அரும்பு என்பதற்காகக் கணக்கிலும் அரும்பில் உட்கார வைக்காதீர்கள். கணக்கில் எங்கே நிற்கிறார்கள் என்பதைத் தனியாகப் பாருங்கள்.

எழுத்து, ஒலி விஷயத்தில் சில குறிப்புகள். ஹிந்தி எழுத்துத் தெரிந்த பிள்ளை க, ச, ட, த, ப வரிசையில்தான் தடுக்கும். அங்கே ககரத்துக்கே நான்கு எழுத்து உண்டு, இங்கே ஒன்றுதான். பக்கம், பங்கு, காகம் என்று மூன்று சொல்லைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதி, ஒரே எழுத்து இடத்துக்கு ஏற்ப எப்படி ஒலிக்கிறது என்று காட்டிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். வங்காளப் பிள்ளைகள் "வீடு" என்பதைப் "பாம்பு" என்ற சொல்லின் கடைசி எழுத்து ஒலிப்பதுபோல் பகரமாக உச்சரிப்பார்கள், போஜ்புரிப் பிள்ளைகளிடமும் இது உண்டு. திருத்துங்கள், அவசரம் வேண்டாம். ழகரம் இவர்களின் மொழிகள் எதிலும் இல்லை. நம் பெரியவர்களிலேயே பாதிப் பேருக்கு வருவதில்லை, அதை வைத்துப் பிள்ளையை வாட்ட வேண்டாம். ஒடியாவில் ணகரமும் ளகரமும் இருப்பதால் அந்தப் பிள்ளைகளுக்கு அவை சட்டென்று வரும், வந்ததும் எல்லோர் முன்பும் பாராட்டுங்கள். வாக்கிய அமைப்பு உங்களுக்குச் சாதகம். ஹிந்தி, ஒடியா, வங்காளம் எல்லாவற்றிலும் தமிழைப்போலவே வினை கடைசியில்தான் வரும். ஆகவே தனிச் சொற்களாகக் கொடுக்காமல் "எனக்குத் தண்ணீர் வேண்டும்", "எனக்குப் புரியவில்லை" என்று முழு வாக்கியமாகவே கொடுங்கள். "புரியவில்லை" என்பதை முதல் நாளே சொல்லிக்கொடுத்துவிடுங்கள்.

ஒரே மொழி பேசும் இரண்டு பிள்ளைகள் பாடத்தின் நடுவே தங்கள் மொழியில் கிசுகிசுத்தால் அதட்ட வேண்டாம். பெரும்பாலும் ஒருவன் இன்னொருவனுக்கு விளக்கிக்கொண்டிருப்பான். கடைசி பெஞ்சில் எல்லோரையும் ஒன்றாகத் தள்ளிவிடுவது மட்டும் கூடாது. அப்படிச் செய்தால் அந்த மூலை தனி வகுப்பாகிவிடும். அவர்கள் மொழியில் கதை வேண்டுமென்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் ஹிந்தி, ஒடியா, வங்காளம், சந்தாலி உட்பட ஏராளமான மொழிகளில் படக்கதைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரே கதை தமிழிலும் இருக்கும். அம்மா வீட்டில் அவர்கள் மொழியில் சொல்லட்டும், மறுநாள் நீங்கள் தமிழில் சொல்லுங்கள். என் கண்ணுக்கு இதைவிட நல்ல பாடம் கிடையாது.

"மெதுவாகக் கற்கும் குழந்தை" என்று எழுதும் முன் ஒருமுறை நின்று யோசியுங்கள். ஓர் ஏட்டில் ஏறிய அந்தச் சொல், பிள்ளை எந்த வகுப்புக்குப் போனாலும் கூடவே போகும். அந்தக் குழந்தையின் மொழி தெரிந்த ஒருவரை உட்கார வைத்துப் பேசச் சொல்லுங்கள். அம்மாவிடமே கேளுங்கள்: வீட்டில் நேற்று நடந்ததைக் கோர்வையாகச் சொல்கிறதா, தம்பியைவிடத் தாமதமாகப் பேசியதா, காது கேட்கிறதா? தாய்மொழியிலும் சிக்கல் இருந்தால் தாமதிக்காமல் வட்டார வள மையத்தின் சிறப்பாசிரியரிடம் காட்டுங்கள். தாய்மொழியில் சரளமாக இருக்கிற குழந்தைக்குத் தேவை தமிழ்ப் பயிற்சிதான்.

சட்டம் என்ன சொல்கிறது என்பதும் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், தலைமையாசிரியரிடம் பேசும்போது உதவும். 2009ஆம் ஆண்டுக் கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் 4ஆம் பிரிவுப்படி, பள்ளிக்கே போகாத ஒன்பது வயதுப் பிள்ளை வந்தால் வயதுக்குரிய வகுப்பில் சேர்த்து, ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி தர வேண்டும். தமிழ் தெரியவில்லை என்று ஒன்றாம் வகுப்பில் உட்கார வைப்பது தவறு. அந்தப் பிள்ளைக்கு அது பெரிய அவமானம், சீக்கிரமே நின்றுவிடும். 14ஆம் பிரிவுப்படி வயதுச் சான்று இல்லை என்று சேர்க்கையை மறுக்க முடியாது. 29ஆம் பிரிவு, முடிந்தவரை தாய்மொழியில் கற்பிக்கச் சொல்கிறது. 1956இல் அரசியலமைப்பில் சேர்ந்த 350ஏ பிரிவு, மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்க மாநிலங்கள் முயல வேண்டும் என்கிறது. மும்பை மாநகராட்சி மராத்தி, ஹிந்தி, உருதுவோடு தமிழ் வழியிலும் பள்ளி நடத்துகிறது. திருநெல்வேலியிலிருந்து தாராவிக்குப் பிழைக்கப் போன நம் சனங்களின் பிள்ளைகள் அங்கே தமிழில் படிக்க முடிந்தது. நம்மிடம் பிழைக்க வந்தவர்களின் பிள்ளைகளுக்கு நாம் என்ன செய்கிறோம் என்று அதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

ஐந்து மொழி பேசும் பிள்ளைகள் உள்ள ஒரு வகுப்புக்கு ஐந்து வழிக் கல்வி தர முடியாது என்பது எனக்கும் தெரியும். ஆனால் மொழி தெரிந்த ஓர் ஆள் இருந்தால் பெரிய மாற்றம் வரும். கேரளத்தில் எர்ணாகுளம் மாவட்டத்தில் 2017இல் தொடங்கிய ரோஷ்னி திட்டத்தில் இதைத்தான் செய்தார்கள். பிள்ளைகளின் மொழி தெரிந்த தன்னார்வலர்களைக் கொண்டு, வகுப்பு தொடங்கும் முன் காலையில், சிற்றுண்டியோடு, அவர்கள் மொழியின் துணையில் மலையாளம் கற்றுக்கொடுத்தார்கள். நம்மிடம் முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் இருக்கிறது, பிள்ளைகள் எப்படியும் சீக்கிரம் வந்துவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு மணியடிக்கும் வரை உள்ள நேரத்தைப் பயன்படுத்தலாம். ஆளுக்கு எங்கே போவது? உங்கள் பள்ளியிலேயே ஏழு, எட்டாம் வகுப்பில் இங்கே வளர்ந்த வடமாநிலப் பிள்ளைகள் இருப்பார்கள். தொழிலாளர் குடும்பங்கள் வரிசையாகக் குடியிருக்கும் லைன் வீடுகளில், பன்னிரண்டாம் வகுப்பு முடித்துவிட்டுக் கைக்குழந்தையோடு வீட்டில் இருக்கும் இளம் தாய்மார்கள் இருப்பார்கள். கேட்டுப் பாருங்கள். அவர்களுக்கு ஏதாவது மதிப்பூதியம் தரப் பள்ளி மேலாண்மைக் குழுவில் பேசுங்கள்.

இப்போது பெற்றோர். அவர்களுக்கு அக்கறை இல்லை என்று மட்டும் எண்ண வேண்டாம். வேலைநாள் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் அரை ஷிப்ட் கூலி போகும், போய் உட்கார்ந்தாலும் ஒரு வார்த்தை புரியாது. யார்தான் வருவார்கள்? சனிக்கிழமை சம்பளம், ஞாயிறு விடுமுறை. ஞாயிறு மதியத்துக்கு மேல் லைன் வீட்டுப் பக்கம் ஒருமுறை நீங்களே போய் வாருங்கள். ஒரே காம்பவுண்டில் பத்துக் குடும்பத்தைப் பார்த்துவிடலாம். நாலாவது படிக்கும் அக்கா ஏன் அடிக்கடி லீவு போடுகிறாள் என்பதும் அங்கே தெரியும். அம்மா வேலைக்குப் போன பிறகு கைக்குழந்தையை அவள்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். பக்கத்து அங்கன்வாடியில் அந்தக் குழந்தையைச் சேர்த்துவிட்டால் அக்கா பள்ளிக்கு வந்துவிடுவாள்.

அச்சடித்த சுற்றறிக்கையைக் கொடுத்தனுப்புவதில் பயனில்லை. தமிழ் தெரியாது, சிலருக்கு எந்த எழுத்துமே தெரியாது. வாட்ஸ்அப்பில் அவர்கள் மொழியில் அரை நிமிடக் குரல் பதிவு போதும். ஒருவரைப் பேச வைத்துப் பதிந்துகொண்டால் எல்லா வீட்டுக்கும் அனுப்பலாம்.

மொழிபெயர்க்க யாரைக் கூப்பிடுகிறோம் என்பதில் கவனம் வேண்டும். கடைக்கு வழி கேட்பது போன்ற சின்ன விஷயத்துக்குப் பிள்ளையே போதும். பிள்ளையின் படிப்பு, நடத்தை, உடல்நலம், வீட்டுப் பிரச்சினை பற்றிப் பேசும்போது அதே பிள்ளையை நடுவில் நிறுத்தக் கூடாது. ஏழு வயதுக் குழந்தை அப்பாவுக்கும் ஆசிரியருக்கும் நடுவே நின்று தன்னைப் பற்றிய குறையைத் தானே சொல்ல வேண்டிவரும். ஆள் பிடித்து வந்த ஏஜெண்டையோ கம்பெனி சூப்பர்வைசரையோ கூப்பிடுவது அதைவிட மோசம். அவர் முன்னால் அந்தக் குடும்பம் எதையும் மனம்விட்டுப் பேசாது. பக்கத்து வீட்டுப் பெண் ஒருவர், அதுவும் அந்த அம்மாவே சொல்லும் ஆள், எவ்வளவோ மேல். சட்டப்படி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான். அடுத்த முறை குழு அமைக்கும்போது வடமாநிலத் தாய் ஒருவரைச் சேர்க்கச் சொல்லுங்கள், கூட்டம் நடக்கும் நேரமே மாறிவிடும்.

கடைசியாக ஆவணம். பெயரைப் பதியும்போது ஆதாரில் உள்ளபடியே பதியுங்கள். நம் வழக்கப்படி அப்பா பெயரின் முதல் எழுத்தைத் தலைப்பெழுத்தாகச் சேர்ப்பது, "குமாரி", "தேவி", "மஹதோ" போன்றவற்றை விட்டுவிடுவது, தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப எழுத்தை மாற்றுவது எல்லாம் பின்னால் அந்தக் குடும்பத்தை அலைய வைக்கும். ஊருக்குத் திரும்பினால் இரண்டு ஆவணத்தில் இரண்டு பெயர் இருக்கும், உதவித்தொகைக்குப் போனால் திருப்பி அனுப்புவார்கள்.

பீகார்க் குடும்பங்கள் தீபாவளி முடிந்து வரும் சட் பூஜைக்கு ஊருக்குப் போனால் சில வாரங்கள் ஆகும். ஹோலிக்கும் அப்படித்தான். வரவில்லை என்று உடனே பெயரை நீக்கிவிடாதீர்கள், போகும்போதே தேதியைக் கேட்டு வைத்துக்கொண்டு குரல் பதிவில் தொடர்பில் இருங்கள். ஒரேயடியாகக் கிளம்பும் குடும்பம் என்றால் கேட்ட உடனே மாற்றுச் சான்றிதழைக் கொடுக்கச் சொல்லுங்கள். தாமதிக்கக் கூடாது என்று கல்வி உரிமைச் சட்டத்தின் 5ஆம் பிரிவே சொல்கிறது. அது கையில் இல்லாமல் வரும் பிள்ளையைச் சேர்க்க மறுக்கவும் கூடாது. கூடவே ஒரு தனித்தாளில், எந்த வகுப்பு, எந்தப் பாடம் வரை முடித்தது, கணக்கில் என்னென்ன வரும், தமிழ் எவ்வளவு படிக்கும் என்று ஆங்கிலத்திலோ ஹிந்தியிலோ எழுதி, பள்ளி முத்திரை போட்டு, அலைபேசி எண்ணையும் குறித்து அந்த அம்மா கையில் கொடுங்கள். அங்கே இருக்கும் ஆசிரியருக்கு அந்தத் தாள் இல்லையென்றால் அந்தப் பிள்ளை மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.